70 வீதம் மழை என்றது, ஒரு துளியும் இல்லை. இது பிழையா, பிழையில்லையா?

துணுக்காய்ப் பெடியன்:
உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கிறேன். நிகழ்தகவுக் கணக்கெல்லாம் போடுவேன், ஆனால் வீட்டில் வந்த ஒரு வாக்குவாதத்துக்கு மறுமொழி தெரியவில்லை. போன கிழமை போனில் வானிலை ஆப் மழைக்கு 70 வீதம் என்று காட்டியது, ஐயா அதை நம்பிப் புழுதி விதைப்பு (மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைப்பது) செய்தார், வெயில்தான் எறித்தது. ஆப் பொய் சொல்லிவிட்டது என்கிறார். மிச்சம் 30 வீதம் இருந்ததுதானே என்றேன். "பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்றால் அவன் என்னத்தைச் சொன்னான்?" என்று கேட்டார். எது நடந்தாலும் பிழையாகாத பேச்சில் ஏதாவது விசயம் இருக்கிறதா?

கணக்கு வாத்தி:
தம்பி, ஒரு நாளை வைத்துப் பிடிக்க முடியாது, பல நாளை வைத்துப் பிடிக்கலாம். 70 என்று காட்டிய நாட்களை மட்டும் கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள், நூறில் எழுபதை ஒட்டிப் பெய்திருக்க வேண்டும். ஆனால் அதுவும் போதாது. வருடம் முழுக்க ஊரின் சராசரியையே தினமும் சொல்லிக்கொண்டிருப்பவனும் இந்தச் சோதனையில் தப்பிவிடுவான், விதைக்கிறவனுக்கு அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இல் இதற்கு ஒரு தண்டப் புள்ளி முறை சொன்னார்: பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0, அதற்கும் சொன்ன எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். உங்கள் ஆப்புக்கு அன்று தண்டம் 0.49, பெய்திருந்தால் 0.09. ஆகவே இரண்டும் சரி அல்ல, இரண்டுக்கும் தண்டம் உண்டு, அளவுதான் வேறு. இன்னொன்று, மனதில் 70 என்று நினைக்கிறவன் துணிந்து 100 என்று அளந்தால் சராசரியாக 0.30 விழும், நினைத்ததையே சொன்னால் 0.21. பொய் சொன்னால் நட்டம் அவனுக்குத்தான்.

துணுக்காய்ப் பெடியன்:
சேர், நூறில் 58 நாள்தான் பெய்தது என்று வையுங்கள். 70 சரியாக இருந்தாலும் 58 வரலாம்தானே, வாய்ப்புக் குறைவு என்பீர்கள். அப்ப நிகழ்தகவைச் சோதிக்க நிகழ்தகவையேதான் கொண்டுவருகிறீர்கள். ஐயாவின் கேள்வி ஒரு நாளிலிருந்து நூறு நாளுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெறும் பேச்சு:
பெடியன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. நாட்கள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தாலும் (சாரும், அது வேறு கதை) நியம விலகல் (எழுபதைச் சுற்றி வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) ஏறத்தாழ 4.6 நாள், 58 என்பது எழுபதிலிருந்து இரண்டரை விலகலுக்கும் மேலே தள்ளி நிற்கிறது. சந்தேகப்படலாம், நடக்கவே நடக்காது என்று சொல்லக் கணிதம் விடாது. கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1843இல் இந்த இடத்தில் ஒரு பாலம் போட்டார், மிகமிகச் சிறிய நிகழ்தகவு உள்ளதை நடக்காதது என்றே எடுத்துக்கொள் என்று. அது நிறுவல் இல்லை, நாமாக எடுக்கிற முடிவு. கணிதவியலாளர் வொன் மீசஸ் தனி நிகழ்வுக்கு நிகழ்தகவே கிடையாது என்றவர், அவரிடம் போனால் ஐயா வென்றுவிடுவார். இத்தாலியக் கணிதவியலாளர் டி ஃபினெட்டி 1974இல் 'நிகழ்தகவு என்று ஒன்று இல்லை' என்றே எழுதினார். அந்த எண் வானத்தில் இல்லை, சொல்கிறவனின் தலையில் இருக்கிறது, அவன் எந்த விகிதத்தில் பந்தயம் கட்டத் தயார் என்பதுதான் அது. நான் இவர் பக்கம். ஆப்புக்குத் தலை எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

மானாவாரிக்காரன்:
இவ்வளவு கதைத்தும் மழை என்றால் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லையே. அமெரிக்காவில் 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீற்றர் விழுந்தாலே அது மழை நாள். ஐப்பசியில் இடியோடு மாங்குளத்தில் கொட்டும், பக்கத்தில் மல்லாவியில் புழுதி அடங்காது.

அப்புறம், புழுதியில் விதைத்த நெல்லுக்கு மழை பிந்துவது பெரிய நட்டம் இல்லை. எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம் கிடக்கும். ஒரு மழை பெய்து முளைக்க வைத்துவிட்டு அதன் பிறகு பத்து நாள் வெயில் எறித்தால்தான் எல்லாம் கருகும். முளைத்த பிறகும் மழை தொடருமா என்பதுதான் கேள்வி, அதற்கு அந்த ஆப்பில் எண்ணே இல்லை. சும்மா ஒரு கணக்கு: முளை கருகினால் ஏக்கருக்கு 20,000 போகும், மழை தொடர்ந்தும் விதைக்காமல் பொறுத்திருந்து பருவம் பிந்தினால் 10,000 போகும், மழை தொடராவிட்டால் பொறுத்தவருக்கு நட்டம் இல்லை என்றால், மழை தொடரும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேல் இருந்தால்தான் விதைக்கலாம்.

அதுவும் தனி ஆள் கணக்குத்தான். வயல்வெளியில் நீங்கள் மட்டும் முந்தி விதைத்தால் ஊரிலுள்ள கட்டாக்காலி மாடு முழுக்க உங்கள் காணியில் நிற்கும். எல்லோரும் ஒரே கிழமையில் விதைத்தால் மாட்டைக் கட்டுவார்கள், குருவி தின்பதும் பத்துக் காணிக்குப் பரவிப் போகும். எல்லோரும் முந்துவது ஒரு சமநிலை, எல்லோரும் பொறுப்பது இன்னொன்று, தனியே விலகுகிறவன் இரண்டிலும் தோற்பான். போகத்துக்கு முதல் கூட்டம் வைத்துத் திகதி குறிப்பது இதற்குத்தான். ஊர் முழுக்க ஒரே எண்ணைப் பார்த்து ஒரே முடிவு எடுத்தால், எண் கொஞ்சம் பிழை என்றாலும் வேலை நடக்கும். றொபேட் ஓமான் என்ற கணிதவியலாளர் 1974இல் கணிதமாக எழுதியதும் கிட்டத்தட்ட இதைத்தான், எல்லோரும் நம்பும் ஒரு பொதுச் சைகை.

தம்பி, பக்கத்துக் காணிகள் விதைத்தாகிவிட்டதா? ஐயா மட்டும்தான் என்றால் இப்போதே வேலியைப் பாருங்கள்.