ஜர்னீஸ் எண்ட்: மேடையா, வானொலியா, தொலைக்காட்சியா?

கேள்வி: ஆர். சி. ஷெரிஃப் எழுதிய இந்த முதல் உலகப்போர் நாடகத்தைப் படித்து முடித்தேன். 1918 மார்ச்சில் நான்கு நாட்கள், ஒரே பதுங்குகுழி, அவ்வளவுதான் களம். இதை வானொலியில் கேட்டால் எடுபடுமா? தொலைக்காட்சியில் வந்திருக்கிறதா?

பதில்: தாராளமாக எடுபடும். தாக்குதல் எப்போது வருமோ என்று காத்திருப்பதுதானே கதையே, தூரத்துப் பீரங்கிச் சத்தமும் நடுவில் வரும் அமைதியும் காதில் விழுந்தால் போதும், குழியை நாமே மனதில் கட்டிக்கொள்வோம். சூப்பில் மிளகு இல்லை என்று டிராட்டர் என்ற அதிகாரி புலம்புவதுகூட கேட்க நன்றாக இருக்கும்!

பதில்: தொலைக்காட்சிக்கு 1937 நவம்பர் 11 அன்றே வந்துவிட்டது, போர்நிறுத்த நாளில், அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. பதிவு செய்யும் வசதி அப்போது இல்லாததால் இனி பார்க்க வழியில்லை. 1988இல் மறுபடி எடுத்தார்கள், ஜெரமி நார்தம் நடித்தது, அதைத் தேடிப் பாருங்கள்.

பதில்: என் ஓட்டு மேடைக்குத்தான். 1928 டிசம்பரில் படைத்தலைவன் ஸ்டான்ஹோப்பாக முதலில் நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே, அப்புறம் சவாய் அரங்குக்குப் போனபோது காலின் கிளைவ். கேமரா முகத்துக்கு அருகே போனால் அந்த அடைசல் உணர்வு கொஞ்சம் போய்விடுகிறது.

கேள்வி கேட்டவர்: சரி, 1988 பதிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.