111 சாக் எடுத்த ஆரன் டொனால்டை 200 எடுத்தவரோடு ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள்?

புதிய_ரசிகை:

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களைச் சமீபத்தில்தான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ரிசீவர், ரன்னிங் பேக் செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, பந்து அவர்கள் கையில் இருப்பதால். தடுப்பு அணி ஆட்டம்தான் பிடிபடவில்லை. அதிலும் ராம்ஸ் அணியில் ஆடிய ஆரன் டொனால்டு. எல்லாக் காலத்துக்குமான சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் என்று வர்ணனையாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் 10 சீசனில் 111 சாக். அதாவது, எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரைக் கீழே சாய்த்தது 111 முறை. முன்பு ஆடிய ப்ரூஸ் ஸ்மித்துக்கு 200, ரெஜி வைட்டுக்கு 198. இவ்வளவு கீழே இருப்பவரை ஏன் அவர்களோடு சேர்த்துச் சொல்கிறார்கள்? அவர் ஆட்டத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:

எண்ணிலிருந்தே பதில் சொல்கிறேன். ஸ்மித் 19 சீசன் ஆடினார், 279 ஆட்டம். டொனால்டு 154 ஆட்டம்தான். வகுத்துப் பாருங்கள்: ஸ்மித்துக்கு ஆட்டத்துக்கு 0.72, டொனால்டுக்கும் 0.72. ஸ்மித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடியவர். டொனால்டு பெரும்பாலும் நடுவில். அங்கிருந்து இந்த வேகம் வருவதே அபூர்வம். நடுவில் ஆடியவர்களில் அதிக சாக் எடுத்தவர் ஜான் ரேண்டில், 137.5 (இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). அவருக்கு அதற்கு 219 ஆட்டம் தேவைப்பட்டது. 2018-இல் டொனால்டு ஒரே சீசனில் 20.5 எடுத்தார். அதற்கு முன்பு டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுபவர், ஒருவரின் சாதனை 1989-இல் கீத் மில்லார்டு எடுத்த 18.

ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை: 2017, 2018, 2020. மூன்று முறை வாங்கிய மற்றவர்கள் லாரன்ஸ் டெய்லரும் ஜே.ஜே. வாட்டும்.

பழைய_கார்டு:

மேலே சொன்ன கணக்கு சரிதான். ஆனாலும் சாக்கை வைத்தே டொனால்டை அளந்தால் அவர் செய்ததில் பாதி கண்ணில் படாது. பென்சில்வேனியாவில் பள்ளியில் படித்தபோது ஆஃபென்சிவ் கார்டாக ஆடியவன் நான். டொனால்டு மாதிரி ஆளைத் தடுப்பதற்கென்றே இருக்கும் இடம் அது. தாக்குதல் வரிசையின் மையத்தில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஓரத்திலிருந்து பாய்ந்து வருபவர் வட்டமடித்துத்தான் குவார்ட்டர்பேக்கிடம் வர வேண்டும். அவர் வருவது தெரிந்தால் குவார்ட்டர்பேக் ஓரடி முன்னே வைப்பார், வந்தவர் பின்னால் கடந்து போய்விடுவார். நடுவிலிருந்து வருபவரிடம் இந்த வித்தை பலிக்காது. முன்னே கால் வைக்கப் போகும் இடத்திலேயே அவர் நிற்பார். எந்த குவார்ட்டர்பேக்கைக் கேட்டாலும் தனக்குப் பிடிக்காதது முகத்துக்கு நேரே வரும் நெருக்கடிதான் என்பார். அதனால்தான் நடுவில் ஆள் குவிக்கிறார்கள். ஓரத்து ஆளைப் பல சமயம் ஒரு டேக்கிள் தனியாகச் சமாளிப்பார். டொனால்டுக்கு முன்னால் கார்டு நிற்பார், பக்கத்தில் சென்டர் காத்திருப்பார், சில சமயம் ரன்னிங் பேக்கும் வந்து ஒரு தோள் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தடுப்பது அவருக்கு அன்றாடம்.

இனி உடம்பு. ஆறடி ஒரு அங்குலம், 285 பவுண்டு. அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் சாதாரணமாக 300-ஐத் தாண்டியிருப்பார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013 சீசனில் அவர் 28.5 முறை எதிரணி ஆட்களை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தியிருந்தார். அந்த வருஷம் தடுப்பாட்டத்துக்கும் வரிசையாட்டத்துக்குமான பெரிய கல்லூரி விருதுகள் நாகுர்ஸ்கி, பெட்னாரிக், லொம்பார்டி, அவுட்லேண்ட் நான்கும் அவருக்கே. நாற்பது கெஜத்தை 4.68 நொடியில் ஓடிக் காட்டினார், அந்த எடையோடு. இத்தனைக்குப் பிறகும் 2014 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 12 பேர் போன பின்புதான் அவர் பெயர் வந்தது. அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் எடுத்தது. அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் உயரக் குறைவு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆதங்கம் வருகிறது, ஏனென்றால் அந்த உயரம்தான் அவருடைய பலம். வரிசையில் யார் தோள் தாழ்ந்திருக்கிறதோ அவன் தள்ளுவான், நிமிர்ந்தவன் பின்னால் போவான். ஆறடி ஐந்தங்குல கார்டு ஒருவர் இடுப்பையும் முழங்காலையும் எவ்வளவு மடித்தாலும் டொனால்டின் தோளுக்குக் கீழே போக முடியாது. குள்ளமான, கால் வேகமான ஒருவன் எதிரே குனிந்து நின்றால் வயிற்றில் புளி கரைக்கும். நான் அனுபவித்திருக்கிறேன், அதுவும் பள்ளி மட்டத்தில்.

மூன்றாவது, கை. கார்டின் முதல் வேலை இரண்டு கையையும் எதிராளியின் மார்பில் பதிப்பது. பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. டொனால்டு பதிய விடமாட்டார். கை நீளும்போதே மணிக்கட்டைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் போய்விடுவார். பயிற்சியாளர் போலிக் கத்தியை நீட்ட, அவர் அதைத் தட்டித் தட்டி விலக்கிப் பழகும் காணொளி ஒன்று பரவியதே, அது இந்த வேகத்துக்காகத்தான்.

இனி, 111-இல் சேராத ஒன்று. 2022 பிப்ரவரி 13, ஐம்பத்தாறாவது சூப்பர் பவுல் (சீசனின் இறுதிக் கோப்பை ஆட்டம்), சோஃபை ஸ்டேடியம். ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை, பெங்கால்ஸ் பந்தோடு முன்னேறி வருகிறது, ஒரு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தி எடுக்கும் 3 புள்ளி) அடித்தால் சமன். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாம் டவுன், ஒரு கெஜம் வேண்டும். சமாஜே பெரைன் பந்தோடு நடுவில் புகுகிறார், டொனால்டு பிடித்து நிறுத்துகிறார். நான்காம் டவுன், அதே ஒரு கெஜம். பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பின்வாங்கி எறியப் பார்க்கிறார். கார்டைத் தாண்டி வந்த டொனால்டு அவர் உடம்பைப் பற்றிச் சுழற்றுகிறார். விழுந்துகொண்டே பர்ரோ எறிந்த பந்து யாருக்கும் எட்டாமல் தரையில் விழுகிறது. டொனால்டு எழுந்து தன் மோதிர விரலைக் காட்டினார், வென்ற அணிக்கு மோதிரம் உண்டு என்பதால்.

அந்த ஆட்டத்தில் அவர் பெயரில் 2 சாக் இருக்கிறது. கோப்பையை முடிவு செய்த இந்தத் தடுப்பு அதில் சேராது. பந்து கையை விட்டுப் போய்விட்டதால் பதிவேட்டில் அது வெறும் முழுமையாகாத பாஸ். பத்து வருஷம் இப்படி எத்தனை பந்துகள் அவசரத்தில் எறியப்பட்டிருக்கும்!

புதிய_ரசிகை:

ரொம்ப நன்றி. கையைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. ஒரு சந்தேகம். இரண்டு பேர் எப்போதும் அவர்மேல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழி திறக்க வேண்டுமே? அது எங்காவது தெரிகிறதா? அவரை முழுசாக அடக்கிய அணி ஏதாவது உண்டா?

பழைய_கார்டு:

நன்றாகவே தெரிகிறது. ஓரத்தில் ஆடிய டாண்டே ஃபவுலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்சன்வில்லில் அவருடைய நல்ல சீசன் 8 சாக். 2019-இல் டொனால்டு பக்கத்தில் 11.5. அடுத்த வருஷம் அட்லாண்டா போனார், 3. அவர் இடத்துக்கு வந்த லெனர்டு ஃபிளாய்டு சிகாகோவில் 7-ஐத் தாண்டியதே இல்லை, ராம்ஸில் முதல் சீசனிலேயே 10.5. இருவரும் உழைப்பாளிகள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரோடு ஒருவராக மோதும் வாய்ப்பு அவர்களுக்கு யாரால் கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடக்கியது என்றால் 2018 சீசன் முடிவில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். 20.5 சாக் எடுத்துவிட்டு வந்தவருக்கு சூப்பர் பவுலில் ஒன்றுகூட இல்லை. கார்டும் சென்டரும் விடாமல் ஒட்டிக்கொண்டார்கள், அவர்கள் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பந்தைச் சீக்கிரம் சீக்கிரமாக எறிந்துவிட்டார். இருந்தும் பேட்ரியாட்ஸ் எடுத்தது 13 புள்ளிதான். ராம்ஸ் தாக்குதல் அணி 3-க்கு மேல் எடுக்காததால் தோற்றார்கள்.

பச்சைக்கொடி:

நான் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகன், அதனால் ஒரு எதிர்வாதம். எங்கள் அணியில் ஆடிய ரெஜி வைட் 232 ஆட்டத்தில் 198. அதாவது ஆட்டத்துக்கு 0.85. அவர் ஓரத்திலும் ஆடினார், தேவைப்பட்டால் நடுவிலும் போய் நின்றார், அவர்மேலும் இரண்டு பேர்தான். ப்ரூஸ் ஸ்மித்தும் பஃபலோவில் மூன்றே பேர் கொண்ட தடுப்பு வரிசையில் ஆடியவர், அவருக்கும் தனி ஆள் சண்டை எளிதில் கிடைத்ததில்லை. டொனால்டு மாபெரும் ஆட்டக்காரர், மறுக்கவில்லை. முதலிடம் வைட்டுக்கே. இன்னொன்று, 2022 ஆகஸ்டில் பெங்கால்ஸோடு நடந்த கூட்டுப் பயிற்சியில் கைகலப்பு மூண்டபோது டொனால்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துச் சுழற்றினாரே, அதையும் அவர் கதையில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பழைய_கார்டு:

ஹெல்மெட் விஷயம் தப்புதான், யாருக்காவது மண்டை உடைந்திருக்கும். அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். வைட் முதலிடம் என்றால் சண்டைக்கும் வரமாட்டேன். ஆனால் நடுவிலேயே நின்று ஆடியவர்களில் டொனால்டுக்கு மேல் ஒருவரை நான் வைக்க மாட்டேன். பத்து சீசனும் ப்ரோ பவுல் (நட்சத்திர ஆட்டக்காரர்களின் தேர்வு), எட்டு முறை முதல் அணி ஆல்-ப்ரோ (அவரவர் இடத்தில் லீகிலேயே சிறந்தவர்கள்). கடைசி சீசனான 2023-இலும் அது கிடைத்தது. 2024 மார்ச்சில், 32 வயதில், இன்னும் ஆட உடம்பு இருக்கும்போதே போதும் என்றார். பன்னிரண்டு வயதிலிருந்து அப்பா ஆர்ச்சியோடு விடியற்காலை நாலரை மணிக்கு வீட்டு நிலவறையில் எடை தூக்கியவர் அவர். இருபது வருஷம் அப்படி எழுந்தவருக்கு எப்போது நிறுத்துவது என்று அடுத்தவர் சொல்லத் தேவையில்லை.

ரசிகை அவர்களுக்கு: 2018 அக்டோபர் 21, சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு நடந்த ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள், 4 சாக். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம். ஸ்னாப் ஆகும் கணத்தில், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும்போது, டொனால்டின் 99-ஆம் எண்ணைத் தேடி அவர் கையை மட்டும் பாருங்கள். பிறகு அதே இடத்தை மெதுவாக ஓட்டி, கார்டின் இரண்டு கையும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள். அது பிடிபட்ட பிறகு நியூ இங்கிலாந்து ஆட்டத்துக்குப் போங்கள், சென்டர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது உங்களுக்கே தெரியும்.