கடின முறைதான் ஆட்டமா? வீண் சொல் போடுபவர்கள் பதில் சொல்லட்டும்

கணக்குப்பிள்ளை:
புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: வேர்டில் என்பது ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வரிசைகளுக்குள் ஊகிக்கும் அன்றாட ஆட்டம், எல்லோருக்கும் அன்று ஒரே சொல். எழுதிய எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறிடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். வெளிப்பட்ட பச்சையையும் மஞ்சளையும் அடுத்த வரிசைகளிலும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது கடின முறை. "கடின முறையில் ஆடாதவர்கள் வேர்டிலே ஆடவில்லை, விடையல்ல என்று தெரிந்தே ஒரு சொல்லை எழுதி எழுத்துகளைச் சோதிப்பது பிட் அடிப்பதற்குச் சமம்" என்று கறார்க்காரர் நேற்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். தீர்ப்புக்கு முன் கணக்கைப் பார்த்திருக்கலாம். முதல் வரிசை எதற்கும் உதவவில்லை, இரண்டாம் வரிசையில் 'லைட்' என்று எழுதுகிறீர்கள், எல் மட்டும் சாம்பலாகி ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சையாகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னால் எஃப், எம், என், ஆர், எஸ், டி, இ ஆகிய ஏழில் எதை வைத்தாலும் சொல் அமையும். மிச்சமிருப்பதோ நான்கு வரிசைகள். கடின முறையில் பச்சையை அசைக்க முடியாததால் வரிசைக்கு ஓர் எழுத்தைத்தான் சோதிக்கலாம், ஆகவே ஏழில் மூன்று சொற்களுக்குத் தோல்வி உறுதி. சாதாரண முறையில் மூன்றாம் வரிசையில் 'ஃபார்ம்ஸ்' எழுதினால் எஃப், ஆர், எம், எஸ் நான்கும் ஒரே வீச்சில் சோதனையாகிவிடும். நான்கும் சாம்பலானால் எஞ்சுவன நைட், டைட், எயிட் மூன்றே, வரிசைகளும் மூன்று. இதில் பிட் எங்கே இருக்கிறது?

கறார்க்காரர்:
'ஃபார்ம்ஸ்' விடையாக வருமா என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆட்டத்தை நடத்தும் நியூயார்க் டைம்ஸ் 2022 நவம்பரிலேயே எஸ் சேர்த்த சாதாரணப் பன்மைகள் விடையாக வரமாட்டா என்று அறிவித்துவிட்டது. விடையாகவே வர முடியாத சொல்லை எழுதுபவர் விடையைத் தேடவில்லை என்பதுதான் என் வாதம். உங்கள் கூட்டல் கழித்தல் அதைத் தொடவே இல்லை.

ஆறாம்வரிசை:
கணக்குப்பிள்ளை அவர்களின் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது. டபிள்யூவில் தொடங்கும் 'வைட்' எங்கே போயிற்று? வெள்ளையைச் சொல்லவில்லை, அதே ஐ-ஜி-எச்-டி வாலோடு பழைய கதைகளில் வரும் அருஞ்சொல்லைச் சொல்கிறேன். அதையும் சேர்த்தால் 'ஃபார்ம்ஸ்' போட்ட பிறகு நான்கு சொற்கள் மூன்று வரிசைகளுக்கு நிற்கும். உறுதி என்று முழங்கியவர் உறுதியைக் காட்டட்டும்.

கணக்குப்பிள்ளை:
அருஞ்சொல்லைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தமைக்கு நன்றி. அது இருந்தாலும் என் வாதம் அசையாது. சொல்லை மாற்றினால் போதும். எஃப்-இ-ஆர்-என்-எஸ், அதாவது 'ஃபெர்ன்ஸ்' என்று எழுதுங்கள். எட்டு எழுத்துகளில் ஐந்து ஒரே வரிசையில் சோதனையாகின்றன. எது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுகிறதோ அதுவே முதல் எழுத்து. எதுவும் மாறாவிட்டால் எம், டி, டபிள்யூ மூன்றுதான் மிச்சம். கடின முறைக்காரர் இதே எட்டுக்கு நான்கு வரிசைகளை வைத்துக்கொண்டு பாதிக்குப் பாதி தோற்பார். தோற்றுவிட்டு அதற்கு நேர்மை என்றும் பெயர் வைப்பார்.

கறார்க்காரர்:
'ஃபெர்ன்ஸ்' மட்டும் என்ன, ஒருமையா? கேள்வி அப்படியே நிற்கிறது.

பச்சைக்கட்டம்:
ஒரு சிறு விண்ணப்பம். நல்ல ஆட்டம் என்பது குறைந்த சராசரியா, அறுபடாத தொடர் வெற்றியா, அல்லது ஒவ்வொரு வரிசையிலும் விடையையே குறிவைப்பதா என்று முதலில் முடிவு செய்துகொண்டால் இந்த விவாதம் பாதியாகக் குறையுமே?

கணக்குப்பிள்ளை:
முடிவு செய்ய ஒன்றுமில்லை, எண்ணே பேசும். 2022இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், வேர்டிலின் முதல் விடைப்பட்டியலில் இருந்த 2,315 சொற்களையும் வைத்து ஆட்டத்தை முழுமையாகத் தீர்த்தார்கள். எஸ்-ஏ-எல்-இ-டி என்று தொடங்கி ஒவ்வொரு வண்ண அமைப்புக்கும் உரிய சிறந்த அடுத்த சொல்லை எழுதினால் சராசரியாக 3.42 வரிசைகளில் விடை கிடைக்கிறது. ஐந்தாம் வரிசையைத் தாண்டுவதே இல்லை. அந்த வழிமுறை, தேவைப்பட்ட இடங்களில் விடையாக முடியாத சொல்லையும் கூசாமல் எழுதுகிறது. ஒரு வரிசையில் மொத்தம் 243 வண்ண அமைப்புகளை எழுதிப்பார்க்கலாம். எஞ்சிய சொற்களை அவற்றுள் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறது என்பதே ஒரு சொல்லின் மதிப்பு. அது விடையா இல்லையா என்பது அடுத்தபடியான கேள்வி. கறார்க்காரருக்கோ அது ஒன்றே கேள்வி.

ஆறாம்வரிசை:
243 அல்ல, 238. நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் ஒரே வரிசையில் வர முடியாது. அந்த ஐந்தையும் கழிக்க வேண்டும். தவிர, நியூயார்க் டைம்ஸ் ஆட்டத்தை வாங்கிய பிறகு அந்தப் பட்டியலில் சேர்த்தலும் நீக்கலும் நடந்துவிட்டன. பழைய பட்டியலின் சராசரியை வேதவாக்காக எத்தனை நாளைக்குத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்?

கணக்குப்பிள்ளை:
எழுதிப்பார்க்கலாம் என்றுதான் சொன்னேன், வரும் என்று சொல்லவில்லை. பட்டியல் சற்று மாறியதால் ஐ-ஜி-எச்-டி பொறி மறைந்துவிட்டதா? ஓ-யு-என்-டி என்று முடியும் பவுண்ட், ரவுண்ட், சவுண்ட், ஹவுண்ட், மவுண்ட், பொறியில்லையா? அவற்றை விடுங்கள், கறார்க்காரர் பெருமை கொள்ளும் கடின முறையே முழுக் கறார் அல்ல. வெளிப்பட்ட பச்சையையும் மஞ்சளையும் பயன்படுத்த வேண்டும் என்றுதான் அது வற்புறுத்துகிறதே தவிர, சாம்பலான எழுத்தை மீண்டும் எழுதினால் தடுப்பதில்லை. எழுதும் சொல் விடையாக முடியும் என்பதற்கு அந்த முறையே உத்தரவாதம் தராதபோது, நீங்கள் யார் பெயரால் தீர்ப்பு எழுதுகிறீர்கள்?

கறார்க்காரர்:
நான் சாம்பல் எழுத்தை மீண்டும் எழுதுவதில்லை. ஆட்டம் தடுக்காததையும் நானே தடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பெயர்தான் கறார். போன மாதம் மற்றவர்கள் கண் விழிக்கும் முன்பே அன்றைய விடையைத் தலைப்பிலேயே எழுதிப் போட்டவரிடம் ஆட்ட ஒழுக்கம் கற்கும் நிலையில் நான் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மீண்டும் அந்தப் பழங்கதையா? தலைப்பில் நான் எழுதியது ஒரு குறிப்பு, விடையல்ல. குறிப்பிலிருந்து விடையைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் திறமையை நொந்துகொள்ளட்டும்.

பச்சைக்கட்டம்:
அது குறிப்பு அல்ல. ஐந்தில் நான்கு எழுத்துகள் வரிசை மாறாமல் இருந்தன. அன்று நான் ஆடவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
நான்கு எழுத்துகள் தெரிந்தால் விடை தெரிந்துவிடும் என்றால், மேலே 'லைட்' எழுதி நான்கு பச்சை பெற்றவருக்கு எட்டுச் சொற்கள் எப்படி மிஞ்சின?

ஆறாம்வரிசை:
அன்றைய சொல்லுக்கு ஐ-ஜி-எச்-டி வால் கிடையாது. ஒரே சொல்தான் பொருந்தியது. பழைய இழை இன்னும் அழிக்கப்படவில்லை. வேண்டுமானால் எடுத்து ஒட்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஒட்டுங்கள். அப்படியே அதற்கு மறுநாள் நீங்கள் ஆறாம் வரிசையில் தோற்றதற்கு என்னைக் குற்றம் சாட்டி எழுதிய நீண்ட பதிவையும் சேர்த்து ஒட்டுங்கள்.

கறார்க்காரர்:
'ஃபெர்ன்ஸ்' விடையாக வருமா, வராதா?