ஓட்டுவதற்கு இனிமையான அமெரிக்க ஃப்ரீவேக்கள்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

சன்னிவேல், கலிபோர்னியா

சான் ஹோசேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்ல இரண்டு ஃப்ரீவேக்கள் (சிக்னல் இல்லாத விரைவுச் சாலைகள்) உள்ளன. வளைகுடாக் கரையை ஒட்டிச் செல்வது 101. மேற்கே மலையடிவாரமாகச் செல்வது 280. இரண்டிலும் தொலைவு ஏறக்குறைய ஒன்றுதான். வேக வரம்பும் மணிக்கு 65 மைல்தான். ஆனாலும் 101-இல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போயிருக்கும். 280-இல் வந்தவருக்கு அந்தக் களைப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. பல ஆண்டுகளாக இரண்டிலும் ஓட்டி வருவதால் இதற்கான காரணங்களை எழுதிப் பார்க்கத் தோன்றியது. மற்ற மாநிலங்களில் உள்ள உறுப்பினர்களும் தங்கள் பகுதிச் சாலைகளைப் பற்றி எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

280-ஐப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது அதன் அழகைத்தான். 'உலகின் மிக அழகான ஃப்ரீவே' என்று பலகையே வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட சாலை அது. கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கமும், கோடைக்கால மாலைகளில் மலை முகட்டைத் தாண்டி வழிந்திறங்கும் பனிமூட்டமும், ஸ்டான்ஃபோர்டுக்கு மேலே குன்றின் மீது நிற்கும் 150 அடி விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியும் பார்க்கத் தக்கவையே. ஆனால் அவற்றையெல்லாம் ஆற அமரப் பார்ப்பவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர். ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவரின் கண் முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கை விட்டு அகல முடியாது. ஆகவே ஒரு சாலையை ஓட்டுவதற்கு இனிமையாக்குவது காட்சி என்பதைவிட, ஒரு மைல் தூரத்துக்குள் ஓட்டுநர் எத்தனை முறை முடிவெடுக்க நேர்கிறது என்பதே என்று நான் கருதுகிறேன்.

101-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்வுட் சிட்டி, சான் மேட்டியோ, பர்லிங்கேம் என்று ஊருக்கு ஊர் எக்சிட்டுகள் (வெளியேறும் வழிகள்) நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே வருகிற வண்டியும் வெளியே போகிற வண்டியும் அதே வலப்புறத் தடத்தில் சில நூறு அடிக்குள் ஒன்றையொன்று குறுக்கிட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் யார் நுழைகிறார், நான் வேகத்தைக் குறைப்பதா, இடப்புறம் ஒதுங்குவதா என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. 280-இல் பேஜ் மில் சாலையைத் தாண்டிய பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எக்சிட் வைப்பதற்கு அங்கே ஊர் இருந்தால்தானே! ஒரு பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிலம். அதற்கு வடக்கே, சாலையின் மேற்குப் பக்கத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீருக்காகப் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 23,000 ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலம். இந்த ஃப்ரீவேயை நீர்த்தேக்கத்தின் கரையோரமாகவே அமைக்க முதலில் திட்டமிட்டிருந்தார்கள். குடிநீர் மாசுபடும் என்ற அச்சத்தால் பின்னர் கிழக்கே மேட்டுக்கு மாற்றினார்கள். குடிநீரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு ஓட்டுநருக்கும் நன்மையாக முடிந்தது.

அடுத்தது வளைவு. பழைய சாலைகளில் நீண்ட நேர்கோடு ஒன்று வரும். அதன் முடிவில் சட்டென்று ஒரு திருப்பம் வரும். 280-இன் வளைவுகளோ மிக நீளமானவை. எட்ஜ்வுட் சாலைக்கு அருகே ஸ்டீரிங்கை லேசாக ஒருமுறை திருப்பிப் பிடித்தால், வளைவு முடியும் வரை கையை அசைக்காமல் அப்படியே வைத்திருக்கலாம். வெளிப்புறம் சற்று உயர்த்தப்பட்ட தளம் வண்டியைத் தாங்கிக்கொள்வதால் உடலும் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. சில இடங்களில் வடக்கே செல்லும் தடங்களும் தெற்கே செல்லும் தடங்களும் வெவ்வேறு உயரத்தில், இடையே புல்மேட்டுடன் அமைந்திருப்பதால் இரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணைக் கூசச் செய்வதில்லை. டிரக்குகளுக்கு இங்கே தடை இல்லைதான். ஆனால் கிடங்குகளும் விமான நிலையமும் 101-ஐ ஒட்டி இருப்பதாலும், 280 ஏற்ற இறக்கம் நிறைந்தது என்பதாலும் அவை தாமாகவே கீழ்ச் சாலையைத் தேர்ந்தெடுக்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். வேலை நாள்களின் காலையில் மாக்டலேனாவிலிருந்து பேஜ் மில் வரை வடக்கு நோக்கி 280-உம் ஊர்ந்துதான் செல்லும். அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும் அபாயமும் உண்டு.

ஸ்டாம்ஃபோர்டு, கனெக்டிகட்

சன்னிவேல் நண்பரின் கருத்தில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. எங்கள் பகுதியிலும் இதுபோல இரண்டு சாலைகள் உண்டு. கடலோரமாகச் செல்லும் 95-இல் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைப்பட்ட டிரக் போக்குவரத்து பெருமளவு குவிகிறது; சற்று உள்ளே, அதற்கு இணையாகச் செல்கிறது மெரிட் பார்க்வே. 1938-இல் முதல் பகுதி திறக்கப்பட்டு 1940-இல் முழுமையடைந்த 37 மைல் சாலை அது. டிரக்குகளுக்கு அனுமதி இல்லை; விளம்பரத் தட்டிகளும் கிடையாது. மேலே செல்லும் பாலங்களை ஜார்ஜ் டங்கல்பெர்கர் என்பவர் ஒன்றைப்போல மற்றொன்று இல்லாதபடி வடிவமைத்தார். ஃபேர்ஃபீல்டில் மெர்வின்ஸ் லேன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இரும்பில் செய்த சிலந்தி வலைகளும் அவற்றில் சிக்கிய வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. பல முறை அதன் அடியில் சென்றிருந்தும், ஒருநாள் நெரிசலில் வண்டி அங்கேயே நின்றபோதுதான் அவற்றை நன்றாகப் பார்த்தேன்.

நண்பரின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் மெரிட் ஓட்டுவதற்குக் கடினமான சாலை. நுழையும் ரேம்ப் (இணைப்புப் பாதை) மிகக் குட்டையானது. சில இடங்களில் ஸ்டாப் பலகைக்கு முன்னால் முழுவதுமாக நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தித்தான் நுழைய வேண்டும். ஷோல்டர் (அவசரத்துக்கு ஒதுங்கும் சாலையோர இடம்) என்று சொல்லும்படி பெரும்பாலும் எதுவும் இல்லை. மரங்கள் தடத்தை ஒட்டியே நிற்பதால் புயல் வீசும் நாள்களில் கிளை விழுமோ என்ற கவலையும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், 95-இல் முன்னும் பின்னும் பக்கத்திலும் டிரக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வதைவிட நான் மெரிட்டையே தேர்ந்தெடுக்கிறேன். முடிவுகளின் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால் என் தேர்வு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பாசடேனா, கலிபோர்னியா

ஸ்டாம்ஃபோர்டு தோழி குறிப்பிட்ட ஸ்டாப் பலகை எங்கள் 110-இலும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தையும் பாசடேனாவையும் இணைக்கும் அரோயோ சீக்கோ பார்க்வே 1940 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களின் முதல் ஃப்ரீவே என்று அதைச் சொல்வார்கள். மணிக்கு 45 மைல் வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட அந்தச் சாலையில் இன்று வேக வரம்பு 55; ஓட்டுகிறவர்களோ அதையும் மதிப்பதில்லை. மரங்கள் இருக்கின்றன, கனரக டிரக்குகள் இல்லை, வளைவுகளும் பார்க்க அழகானவை. ஆனால் 55-இல் வந்துகொண்டிருக்கும்போது மணிக்கு 5 மைல் என்று எழுதிய எக்சிட் வளைவு திடீரென்று எதிரே வந்து நிற்கும். ஹைலாண்ட் பார்க் பக்கம் நுழையும்போது என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவார். தடத்தில் சேர்ந்த பிறகுதான் மீண்டும் தொடங்குவார். என் ஓட்டு சன்னிவேல் நண்பருக்கே. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வேறு வண்டிகளே இல்லாதபோது மட்டும் தோழியின் கட்சிக்கு மாறிவிடுவேன்.

டென்வர், கொலராடோ

கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் 70-ஐ யாரும் இன்னும் குறிப்பிடவில்லை. கொலராடோ ஆறு, அதன் எதிர்க்கரையில் ரயில் பாதை, இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். இவற்றுக்கு நடுவே நான்கு தட ஃப்ரீவே ஒன்றை நுழைப்பதா என்ற வாக்குவாதம் பல ஆண்டுகள் நடந்தது. பாறையை வெடிவைத்துத் தகர்த்து அகலப்படுத்துவதற்குப் பதிலாக, சாலையின் பல பகுதிகளைத் தூண்கள் மீது தூக்கி நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். மேற்கே செல்லும் தடங்கள் பல இடங்களில் கிழக்கே செல்லும் தடங்களுக்கு மேலே, படிக்கட்டின் அடுத்த படிபோல அமைந்திருக்கின்றன. பாலத்தின் கான்கிரீட் துண்டுகளை மேலிருந்தே பொருத்தியதால் கீழே இருந்த செடிகொடிகள் பெருமளவு தப்பின. மரங்களைச் சேதப்படுத்தும் ஒப்பந்தக்காரருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. 12 மைல் நீளமுள்ள இந்தப் பகுதி 1992-இல்தான் நிறைவடைந்தது. செலவு ஏறத்தாழ 49 கோடி டாலர்.

ஓட்டும் அனுபவத்தைப் பொறுத்தவரை, இங்கே வேக வரம்பு மணிக்கு 50 மைல் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வரம்பு குறைவு என்றால் எரிச்சல்தான் வரும் என்று நினைப்போம். ஆனால் இங்கே டிரக்கும் காரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்வதால் முந்துவதற்கான பரபரப்பு அடங்கிவிடுகிறது. ஹேங்கிங் லேக் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது கண் வெளிச்சத்துக்குப் பழகுவதற்கும் அந்த வேகம் போதுமான அவகாசம் தருகிறது. கீழே ஆற்றோரமாகச் சைக்கிள் பாதையும் உண்டு. ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடந்தால், தலைக்கு மேலே இவ்வளவு பெரிய சாலை போகிறதா என்று வியப்பாக இருக்கும்.

இதற்கு மாற்றுவழி கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2020-இல் காட்டுத் தீ. தீயில் எரிந்த சரிவுகளிலிருந்து 2021 கோடையில் பெருமழையோடு சேறும் பாறையும் இறங்கிச் சாலை இரண்டு வாரங்களுக்கு மேல் மூடப்பட்டது. சுற்றிச் செல்வதென்றால் பல மணி நேரம் கூடுதலாகும். ஆகவே கோடை மழைக் காலத்தில் கிளம்புவதற்கு முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இர்வைன், கலிபோர்னியா

டென்வர் நண்பர் சொன்ன ஒரே வேகம் என்பதற்கு நேர் எதிரான சாலை, மத்தியப் பள்ளத்தாக்கில் ஓடும் 5. கார்களுக்கு வரம்பு 70, பெரிய டிரக்குகளுக்கு 55; ஒரு திசைக்கு இரண்டே தடங்கள். 55-இல் செல்லும் டிரக்கை 57-இல் செல்லும் இன்னொரு டிரக் முந்தத் தொடங்கினால் அது முடிய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் ஒரு மைலுக்கு மேல் கடந்திருப்போம், பின்னால் கார்கள் வரிசைகட்டி நிற்கும். சாலையோ நேர்க்கோடு, எக்சிட்டுகளும் குறைவு. சன்னிவேல் நண்பரின் கணக்குப்படி இது சொர்க்கமாக இருக்க வேண்டும். மாட்டுப் பண்ணையின் நாற்றம் வீசும் கோலிங்காவைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சன்னிவேல், கலிபோர்னியா

இர்வைன் நண்பர் சிரிக்க வைத்துவிட்டார். ஆயினும் முந்துவதற்காக ஓயாமல் காத்திருப்பதும், முந்தலாமா என்று ஓயாமல் யோசிப்பதும் முடிவெடுப்பதில்தான் சேரும் என்பதால் அவர் எனக்கே சாட்சி சொல்லியிருக்கிறார். ஸ்டாம்ஃபோர்டு தோழியின் கேள்விக்கு என் பதில்: மெரிட்டில் கடினம் நுழையும்போது மட்டும்தான், நுழைந்துவிட்டால் 95-ஐவிட அமைதி. குறைந்த தூரம் செல்பவருக்கு அது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாண்ட்லர், அரிசோனா

ஒலியைப் பற்றி யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. குறுக்கே கோடு கீறிய கான்கிரீட் தளத்தில் டயர் எழுப்பும் ஊளைச் சத்தம் அரை மணி நேரத்தில் தலைவலியைத் தந்துவிடும். ஃபீனிக்ஸ் ஃப்ரீவேக்களில் 2003 முதல், பழைய டயர்களை அரைத்துக் கலந்த ரப்பர் தார்க் கலவையைக் கான்கிரீட்டின் மேல் போர்த்தத் தொடங்கினார்கள். அந்தத் தளம் முடிந்து வெறும் கான்கிரீட் தொடங்கும் இடத்தை கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம். அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த பாட்டின் தாளம் காணாமல் போய்விடும். வெயிலில் காலப்போக்கில் அந்த மேற்பூச்சு தேய்ந்துவிடுவதால், இப்போது கான்கிரீட்டையே நீளவாக்கில் சீவி மென்மையாக்கும் முறைக்கு மாறி வருகிறார்கள். ஸ்காட்ஸ்டேல் பக்கம் எங்கள் ஊர் ஃப்ரீவேயான லூப் 101-இன் சுவர்களில் பெரிய பல்லிகளும் கள்ளிச் செடிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளோடு போனால் அவற்றை எண்ணிக்கொண்டே வருவார்கள்.

பர்லிங்டன், வெர்மான்ட்

எங்கள் 89-இல் ஒரு விளம்பரத் தட்டியைக்கூடப் பார்க்க முடியாது. 1968-இல் மாநிலச் சட்டமே அவற்றைத் தடை செய்துவிட்டது. உணவகம், விடுதி போன்றவற்றுக்கு ஒரே அளவிலான சிறிய பலகைகளை அரசே வைக்கிறது. நியூயார்க் மாநிலத்துக்குள் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும், படிப்பதற்கு எதுவும் இல்லாத சாலை எவ்வளவு ஓய்வானது என்று உணர்கிறேன்.

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

அகலமான தடமும் விசாலமான ஷோல்டரும்தான் இனிமை என்று நினைப்பவர்கள் ஃபிரான்கோனியா நாட்ச் என்ற மலைக் கணவாய் வழியாக 93-இல் ஒருமுறை செல்ல வேண்டும். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஒன்று அங்கே ஒரு திசைக்கு ஒரே தடமாகச் சுருங்கி, மணிக்கு 45 மைல் வேகத்தில் மலைகளுக்கு நடுவே செல்கிறது. நான்கு தடமாக வெட்டினால், மனித முகம்போலத் தெரிந்த 'மலை முதியவர்' என்ற பாறைக்குச் சேதம் வரும் என்பது எதிர்ப்பாளர்களின் முக்கியமான வாதங்களில் ஒன்று. சாலையைச் சுருக்கி 1988-இல் கட்டி முடித்தார்கள்; பாறை 2003 மே மாதத்தில் தானாகவே சரிந்து விழுந்துவிட்டது. தடம் மாறவும் முடியாது, முந்தவும் முடியாது என்பதால் ஓட்டுநர் செய்வதற்கு எதுவுமே இல்லை. அந்த வகையில் சன்னிவேல் நண்பரின் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான சாலை கிடைக்காது. இலையுதிர்காலத்தில் மட்டும் அந்த ஒரே தடமே வினையாகிவிடும். அக்டோபர் தொடக்கத்து வார இறுதிகளில் செல்வதாக இருந்தால், காலை எட்டு மணிக்குள் நாட்சைக் கடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஃப்ளூம் எக்சிட்டுக்கு முன்பிருந்தே வண்டிகள் நிற்கத் தொடங்கிவிடும்.