ரெசின் கழுவுன ஐபிஏ-வ வீட்லயே காய்ச்சி எடுக்க தண்ணி டிஸ்டில்லர் வாங்கலாமா?

தெக்காவணி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளுக்கு ரெசின் 3டி பிரிண்ட் (திரவ ரெசின வெளிச்சத்துல கெட்டியாக்கி மாடல் எடுக்குறது) போட்டுக் குடுக்குறேன், மோதிரம் தோடு டாலர் மாடல் எல்லாம் முன்னாடி மெழுகுல கையால செதுக்குனது, இப்ப காஸ்டிங் ரெசின்ல (நகை வார்க்குறதுக்குன்னு உள்ள ரெசின்) எடுத்துக் குடுன்னு கேக்குறாய்ங்க. பிரிண்ட் எடுத்ததும் ஒட்டிருக்குற ரெசின ஐபிஏ-ல (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கழுவணும், மாசம் 10 லிட்டர் ஓடுது. லிட்டருக்கு 200 ரூபா வச்சாலே மாசம் 2000. கழுவிக் கழுவி கஞ்சித்தண்ணி மாதிரி ஆயிருது, அதுக்கு மேல கழுவுனா மாடல்ல பிசுபிசுப்பு நிக்குது, ஆசாரி திருப்பி அனுப்பிர்றாரு. மேஜை மேல வைக்கிற 4 லிட்டர் ஸ்டீல் டிஸ்டில்லர் ஒன்னு பாத்து வச்சிருக்கேன், 750 வாட், மேல ஃபேன் இருக்கு, தண்ணி காய்ச்சுறதுக்குன்னு விக்கிறது. இதுல ஐபிஏ-வ ஊத்தி காய்ச்சுனா சுத்தமா வந்துரும்னு சொல்றாய்ங்க. மாடியில 10க்கு 10 ரூம்ல தான் வேலை, கீழ அம்மாவும் தங்கச்சி புள்ளைகளும் இருக்காங்க. வாங்கலாமா? ஓட்டிப் பாத்தவங்க சொல்லுங்க.

செல்லூர் பட்டறை:
தாராளமா வாங்கு தம்பி. இதே மாதிரி மெசின் ஒரு வருசமா ஓட்டிட்டு இருக்கேன், ஒன்னும் ஆகல. கலங்கல ஊத்துனா கண்ணாடி மாதிரி வெளிய வருது. ஜன்னலத் தொறந்து வையி, பீடி சிகரெட் பத்த வைக்காத, அம்புட்டுத்தான். காசு போட்டு வாங்குனத எதுக்கு சாக்கடையில ஊத்தணும்?

லேப் டீச்சர்:
தம்பி, தயவுசெஞ்சு வாங்காதீங்க. 22 வருசமா காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல நிக்கிறேன், ஆல்கஹால் காய்ச்சாத வருசமே கிடையாது, அதனால பயந்தாங்கொள்ளித்தனமா சொல்றதா நெனைக்க வேணாம். காய்ச்சுறது தப்பில்ல, அந்த மெசின்ல காய்ச்சுறது தான் தப்பு.

அது தண்ணிக்குன்னு செஞ்சது. தண்ணி ஆவி வெளிய வந்தா செவரு வேர்க்கும், அவ்வளவு தான். ஐபிஏ ஆவி அப்படி இல்ல. அதோட ஃபிளாஷ் பாயின்ட் 12 டிகிரி, அதாவது அந்தச் சூட்டுலயே நெருப்புப் பிடிக்கிற அளவுக்கு மேல ஆவி நிக்க ஆரம்பிச்சிரும். நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலையில கூட 20 டிகிரிக்குப் பக்கத்துல தான் இருக்கு. அப்ப மூடியத் தொறந்த கேன் எந்த நாளும் ரெடியா தான் இருக்கு. காத்துல வெறும் 2 சதவீதம் கலந்தாப் போதும், ஒரு பொறி பட்டா பிடிச்சிரும்.

இன்னொரு விசயம், இத யாரும் யோசிக்கிறதில்ல. அந்த மெசின் ஆவிய ஃபேன் காத்த வச்சுத்தான் குளுத்துது. தண்ணி ஆவி 100 டிகிரி, ஐபிஏ ஆவி 82 டிகிரி. சித்திரை வெயில்ல உங்க மாடி ரூம் 40 டிகிரி இருக்கும்ல, தண்ணிக்கு 60 டிகிரி வித்தியாசம் கெடைக்குது, ஐபிஏ-க்கு 42 தான். ஆனா கீழ ஹீட்டர் அதே 750 வாட்டக் குடுத்துக்கிட்டே இருக்கு. அப்ப உள்ள போற சூடு அதே தான், எடுக்குற வேகம் மூனுல ரெண்டு பங்கு தான். மிச்ச ஆவி குழாய் வாய் வழியா ரூமுக்குள்ள தான் வரும், வேற எங்க போகும்?

செல்லூர் பட்டறை:
டீச்சர், புஸ்தகத்துல இருக்குறதச் சொல்றீங்க. நான் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு டிம்மர் போட்டு சூட்டக் கொறச்சு தான் ஓட்டுறேன். வாசனை கொஞ்சம் அடிக்கும், தலை லேசா கிர்ருன்னு வரும், அது எந்தத் தின்னருலயும் உள்ளது தானே.

கப்பலூர்:
பங்காளி, கோவிச்சுக்காத. டிம்மரு ஹீட்டரோட சேத்து ஃபேனையும் மெதுவாக்கிருச்சா இல்லையான்னு மொதல்ல பாரு. அந்த மெசின்ல ரெண்டும் ஒரே வயர்ல தான் வரும். சூட்டக் கொறச்சேன்னு நெனச்சு குளுமையையும் கொறச்சிருக்க.

நான் கப்பலூர் தொழிற்பேட்டையில சால்வென்ட் ரெக்கவரி மெசின்ல (அழுக்கான கரைப்பானக் காய்ச்சித் திருப்பி எடுக்குறது) நின்னவன். டீச்சர் சொல்றதுல முக்கால்வாசி சரி, ஆனா வீட்டுத் தொழில் பண்றவன் காய்ச்சவே கூடாதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். இதுக்குன்னே செய்ற மெசின் இருக்கு. ஹீட்டர் நேரா சட்டியத் தொடாது, நடுவுல எண்ணெய் இருக்கும், சூடு ஒரு அளவுக்கு மேல போகாது. சுவிட்சு, ரிலே, மோட்டார் எல்லாம் பொறி வெளிய வராத ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள்ள இருக்கும், அதுக்கு பெசோ (வெடிபொருள் பாதுகாப்பப் பாக்குற மத்திய அரசு அமைப்பு) சான்றிதழ் இருக்கான்னு கேட்டு வாங்கணும். குளுத்துறது தண்ணியில. மூடி கேஸ்கெட் டெஃப்லான். எர்த் கண்டிப்பா. ஆவி தப்புனாலும் ஒரு குழாய் வழியா கட்டடத்துக்கு வெளிய போகும். என்ன, விலை தான் தண்ணி மெசினப் போல பல மடங்கு. மாசம் 10 லிட்டருக்கு அது கட்டாது, நாலு பிரிண்ட்காரங்க சேந்து வாங்குனா கட்டும்.

லேப் டீச்சர்:
நானும் அதத்தான் சொல்றேன் அண்ணே, காய்ச்சாதீங்கன்னு சொல்லல.

செல்லூர் அண்ணே, உங்ககிட்ட ஒன்னு கேக்குறேன், கோவமில்லாம பதில் சொல்லுங்க. நீங்க எம்புட்டு ஊத்துறீங்க, எம்புட்டு வெளிய வருது, அடியில எம்புட்டு நிக்குது? அளந்து சொல்லுங்க.

செல்லூர் பட்டறை:
அளந்ததில்ல. நாளைக்கு ஓட்டும்போது பாத்துச் சொல்றேன்.

ஒத்தக்கடை:
அதுக்குள்ள நான் ஒன்னு சொல்லிக்கிறேன். வீட்ல காய்ச்சுற சாமான் வச்சிருந்தா பக்கத்து வீட்டுக்காரன் போன் போட்டுருவான், பாத்துக்கங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லயே இருக்கு, சாராயம் காய்ச்சுறதுக்குன்னு பாத்திரம் பண்டம் வச்சிருந்தாலே குத்தம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயத்தக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்புறம் தண்டனைய இன்னும் கூட்டிட்டாய்ங்க. ஐபிஏ குடிக்கிற சரக்கு இல்ல, அதக் கழுவுறதுக்கு வாங்குறதுல தப்பில்ல, ஆனா பில்லு, பிரிண்டரு, ரெசின் பாட்டிலு எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கட்டும். ஸ்பிரிட்டு, மெத்தனால் பக்கம் மட்டும் போயிராதீங்க, அதுக்கு லைசென்சு வேணும். காய்ச்சி வந்தத தண்ணி பாட்டில்ல, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது, பாக்க அச்சு அசல் தண்ணி மாதிரியே இருக்கும், வீட்ல புள்ளைக இருக்குதுன்னு வேற சொல்றீங்க.

தெக்காவணி:
சரிண்ணே, அது எனக்குத் தோணவே இல்ல. டீச்சர், இன்னொரு சந்தேகம். மெசின்ல தண்ணி வத்துனா தானா ஆஃப் ஆயிரும்னு போட்டிருக்கான், அது பாதுகாப்பு தானே?

லேப் டீச்சர்:
அது தான் தம்பி இருக்குறதுலயே மோசம். அது எப்படி ஆஃப் ஆகுது? சட்டியில ஒன்னுமில்லாம வத்தி அடிச் சூடு எகிறுனப்புறம் தான் கட் ஆகும். தண்ணிக்கு அது சரி. உங்க சட்டியில அடியில நிக்கிறது ரெசின். சூடு பட்டா அது தனக்குத்தானே கெட்டியாகும், கெட்டியாகும்போது இன்னும் சூட்டக் கக்கும். வத்த வத்த ரெசின் அடர்த்தியாகிட்டே வரும், சூடும் ஏறிட்டே வரும், நிறுத்த முடியாது. அதனால எதக் காய்ச்சுனாலும் அடியில நாலுல ஒரு பங்காவது நிக்கும்போதே நிறுத்திரணும். வருசக்கணக்கா பாதி பாட்டில்ல வெளிச்சம் பட நின்ன ஐபிஏ-ல பெராக்சைடு வேற உருவாகும், அது வத்துனா வெடிக்கும். பழைய கேன் எதையும் காய்ச்சவே வேணாம்.

இதுவும் தெரிஞ்சுக்கங்க. என்ன தான் காய்ச்சுனாலும் 99 சதவீதம் திரும்ப வராது. கழுவும்போது ஈரம் சேந்திருக்கும், தண்ணியும் ஐபிஏ-வும் சேந்து 80 டிகிரியிலயே ஒன்னா எழும்பும், 91 சதவீதத்துக்கு மேல ஏறாது. கழுவுறதுக்கு அது போதும், காயுறதுக்குத் தான் கொஞ்சம் நேரமாகும்.

செல்லூர் பட்டறை:
டீச்சர், அளந்துட்டேன். ஊத்துனது 3 லிட்டர். வெளிய வந்தது 2 லிட்டர் 100 மில்லி. அடியில அரை லிட்டர். ரெண்டு தடவை அளந்தேன், 400 மில்லியக் காணோம். கேன்ல ஒட்டிருக்கும்னு பாத்தேன், அம்புட்டு ஒட்டாது.

லேப் டீச்சர்:
அளந்ததுக்கு ரெம்ப நன்றி அண்ணே, நெசமாத்தான் சொல்றேன், யாரும் இத அளக்க மாட்டாங்க.

அந்த 400 மில்லி ஆவியானா சுமார் 130 லிட்டர் ஆவி. அது 2 சதவீதமா கலந்தா 6500 லிட்டர் காத்து நெருப்புப் பிடிக்கிற காத்தா மாறிரும். மொட்டமாடி ஆயிரம் லிட்டர் டேங்க் ஆறரைய நெனச்சுப் பாருங்க. தெக்காவணி தம்பியோட 10க்கு 10 ரூம் முழுசுமே 28,000 லிட்டர் தான், ஒன்னே முக்கா லிட்டர் ஐபிஏ தப்புனா ரூம் மொத்தமும் அந்த நெலமைக்கு வந்துரும். ஆனா ரூம் மொத்தமும் வரணும்னு அவசியமே இல்ல. இந்த ஆவி காத்தப் போல ரெண்டு மடங்கு கனம். மேல ஜன்னலத் தொறந்து வச்சாலும் அது தரையோட தரையா படுத்துக்கும், கதவு இடுக்கு வழியா படிக்கட்டுல எறங்கும். கீழ என்ன இருக்கு? ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், அம்மா அடுப்பு.

கப்பலூர்:
இன்வெர்ட்டர் சொன்னீங்கல்ல, அது தான். கரண்டு போற நேரத்துல ஃபேன் நின்னுரும், சட்டி சூடு அப்படியே இருக்கும், ஒரு பத்து நிமிசம் ஆவி வந்துக்கிட்டே இருக்கும் குளுத்துறதுக்கு ஒன்னும் இல்லாம. அதே செகண்டு இன்வெர்ட்டர் ரிலே டக்குன்னு அடிக்கும். கப்பலூர்ல கரண்டு போனா மொத வேலையா சட்டிய சூட்டுலருந்து எறக்குவோம், அப்புறம் தான் மத்ததெல்லாம்.

செல்லூர் பட்டறை:
ஒரு வருசமா இத ரூமுக்குள்ள வச்சு பக்கத்துலயே உக்காந்து சாப்புட்டிருக்கேன். என் பையன் அங்கிட்டு தான் படிப்பான். சரி, மொட்டமாடிக்குக் கொண்டு போயிர்றேன். ஆனா மெசின விட மாட்டேன், அத வித்தா யாரு வாங்குவா?

கப்பலூர்:
மொட்டமாடி ரூமப் போல மேல் தான், ஆனா அந்த மெசின் அங்கயும் அந்த மெசின் தான் பங்காளி, சுவிட்சும் ஃபேன் மோட்டாரும் ஆவி வாய்க்கு ஒரு சாண் பக்கத்துல இருக்கு. அதுல தண்ணி மட்டும் காய்ச்சு, பேட்டரிக்கு ஊத்தவாவது ஆகும்.

காய்ச்சியே தீருவேன்னா இப்படிச் செய்யி. கண்ணாடி ஃபிளாஸ்க், ஆவியக் குளுத்தித் திரவமாக்குற தண்ணி ஓடுற கண்டென்சர், அடியில வெந்நி சட்டி. 100 டிகிரிக்கு மேல வெந்நி போகாது, அதனால ரெசின் எகிறாது. வெந்நிய வேற எடத்துல வச்சுக் காய்ச்சிக் கொண்டாந்து ஊத்து, சூடு போடுற எடமும் ஆவி வர்ற எடமும் ஒன்னா இருக்கக் கூடாது. ஆறிருச்சுன்னா மாத்து. மெதுவா தான் வரும், வரட்டும். கண்டென்சருக்கு டேங்க் தண்ணிய விடாத, சித்திரையில நம்ம கறுப்பு டேங்க் தண்ணியில கை வைக்க முடியாது, அது என்னத்தக் குளுத்தப் போகுது. பக்கெட்ல ஐஸ் போட்டு, ஏர் கூலர் மோட்டார நீட்டு டியூப்போட தள்ளி வச்சு ஓட்டு. விடியக்காலையில செய்யி. கடைசி வரைக்கும் கூட நில்லு, டீ குடிக்கப் போகாத. பக்கத்துல தீ அணைக்குற பவுடர் சிலிண்டர் ஒன்னு இருக்கட்டும்.

லேப் டீச்சர்:
இது லேப் பழக்கம் உள்ளவருக்குச் சரி. தெக்காவணி தம்பிக்கு இன்னும் நான் வேணாம்னு தான் சொல்லுவேன். உங்களுக்குக் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்ல, மதுரையில வெயிலுக்கா பஞ்சம்?

ரெண்டு டப்பா வச்சுக் கழுவுங்க. மொதல் டப்பா அழுக்கு ஐபிஏ, ரெண்டாவது நல்லது. முக்கால்வாசி ரெசின் மொதல்லயே போயிரும். ரெண்டாவது கலங்குனா அத மொதலாவதா மாத்திக்கிட்டு, பழைய மொதல வெள்ளக் கண்ணாடி ஜாடியில முக்கால் வரைக்கும் ஊத்தி மூடி மாடி வெயில்ல வைங்க. வெயில்ல இருக்குற யூவி கரைஞ்ச ரெசினக் கெட்டியாக்கி, தயிர் திரிஞ்ச மாதிரி அடியில தள்ளிரும். நிழல்ல நல்லா ஆற வச்சு அப்புறம் தொறங்க, சூட்டோட தொறக்காதீங்க. தெளிவ மட்டும் வடிகட்டி மொதல் டப்பாவுக்கு வச்சுக்கங்க. முழுசா சுத்தம் ஆகாது, மஞ்சள் நிறம் கொஞ்சம் நிக்கும், மொதல் கழுவலுக்கு அது போதும். அடி வண்டலத் தட்டுல பரப்பி கல்லு மாதிரி காய வச்சு அப்புறம் போடுங்க, சாக்கடையில ஊத்துனா அது வைகைக்குத் தான் போகும்.

தெக்காவணி:
டீச்சர், காஸ்டிங் ரெசின்ல மெழுகு கலந்திருக்கும், அதுவும் இப்படிப் படியுமா?

லேப் டீச்சர்:
அது கொஞ்சம் மொரண்டு பிடிக்கும் தம்பி. ஒரு ஜாடி மட்டும் வச்சு ரெண்டு நாள் வெயில் காட்டிப் பாருங்க. படியலேன்னா அத மட்டும் தனியா சேத்து வைங்க, கப்பலூர் அண்ணன் மாதிரி ரெக்கவரி பண்றவங்க கேனாவே எடுத்துக்குவாங்க.

தெக்காவணி:
ரெண்டு டப்பா ஆரம்பிச்சு ஒம்பது நாள் ஆச்சு. முன்னாடி இந்த நேரத்துக்கு மூனு லிட்டர் காலி ஆயிருக்கும், இப்ப ஒரு லிட்டர் தான் புதுசா தொறந்திருக்கேன். சாதா ரெசின் ஜாடி நல்லா படிஞ்சிருச்சு. காஸ்டிங் ரெசின் ஜாடி இன்னும் கலங்கலாவே நிக்குது, அத மூடி தனியா ஓரமா வச்சிருக்கேன். டிஸ்டில்லர் ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டேன். கப்பலூர் அண்ணே, நாலு பேர் சேந்து வாங்குறதப் பத்திச் சொன்னீங்கல்ல, இங்க தெக்காவணியில மட்டும் ஆறு பேர் ரெசின் பிரிண்ட் போடுறோம், நான் பேசிப் பாக்கவா?

கப்பலூர்:
பேசு தம்பி. ஆனா எடம் உங்க தெருவுல வேணாம், அங்க வீட்டுக்கு வீடு ஊதுகொழல் அடுப்பு எரியுது. எடத்த மொதல்ல பாப்போம், மெசின அப்புறம் பாக்கலாம்.