சனிக்கிழமைக் கூலியா, ஞாயிற்றுக்கிழமைப் பொருத்தனையா?

கொளத்தூர் பெயின்டர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சின்னதாகப் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வேலை பார்ப்பது ஆறு பேர். நாலு பேர் திருவண்ணாமலைப் பக்கம், ரெண்டு பேர் ஒடிசா. சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி பட்டுவாடா.

எங்கள் சபையில் ஹால் கட்டுகிறார்கள். அறுப்பின் பண்டிகையன்று 25,000 ரூபாய் தருவதாகத் தேவனுக்கு நேர்ந்து பொருத்தனை பண்ணி, வருகிற ஞாயிறு கட்டுவதாகச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தாச்சு. இப்போது பார்த்து வில்லிவாக்கத்தில் ஒரு ஃபிளாட்காரர் பில்லை இழுத்தடிக்கிறார். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் முடிந்து, ஒரு கோட்டும் அடித்தாகிவிட்டது. கேட்டால் “அடுத்த வாரம் பார்க்கலாம்”. கையில் இருக்கும் பணம் கூலி, பொருத்தனை இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும்.

மனைவி பைபிளில் பிரசங்கி 5:4ஐக் காட்டுகிறாள். பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்றுதான் இருக்கிறது. வேலை பார்க்கிற பையன்களிடம் “புதன்கிழமை தருகிறேன்” என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் மனசு உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

முன்னாள் பொருளாளர்:
சபைக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பொருத்தனைச் சீட்டில் தேதி தாண்டுவது புதிதே இல்லை. ஆயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். ரசீது புத்தகத்தோடு யாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை.

தங்கச்சி காட்டிய வசனம் சரிதான். ஆனால் உபாகமம் 24:14, 15ஐயும் எடுத்துப் பாருங்கள். கூலிக்காரனுக்கு அன்றைக்கே, பொழுது போகுமுன்னே கொடுக்கச் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அந்தக் காசையே எதிர்பார்த்திருப்பவன். சொந்த ஜனம் மட்டுமில்லை, அந்நியனும் அதில் உண்டு. அப்படிப் பார்த்தால் உங்கள் ஒடிசாப் பையன்களும் அந்த வசனத்துக்குள் வருகிறார்கள். அப்புறம் மாற்கு 7. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். அடுத்தவனுக்குச் சேர வேண்டிய பணத்தில் நமக்குக் காணிக்கை கிடையாது.

வியாசர்பாடி அக்கா:
தம்பி, முகம் சுளிக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கப்பா சென்ட்ரிங் வேலை. அவரும் ஒரு நாளும் சுளித்ததில்லை. சுளித்தால் திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கூலி வராத சனிக்கிழமை எங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மளிகைக் கடை நோட்டில் எங்கள் பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், அதனால் அம்மா அந்தத் தெருப் பக்கமே போக மாட்டாங்க. அப்புறம் தண்டல்காரர் வருவார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500தான் கையில் வைப்பார். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டணும். மேஸ்திரி புதன்கிழமை கூலி கொடுத்துவிடுவார், சரி. தண்டல் நூறு நாளும் ஓடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோயிலுக்கும் வர மாட்டாங்க. தலைவலி என்பாங்க. காணிக்கைப் பை முன்னால் வரும்போது போடுவதற்கு ஒன்றும் இருக்காது, அதுதான் விஷயம். மேஸ்திரியோ அதே கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் எதற்கு, விடுங்கள்.

அம்பத்தூர் டைல்ஸ்:
வசனமெல்லாம் பெரியவர்கள் சொல்லிட்டாங்க. நான் பில்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பிரதர், மொத்தமாகக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏன் விடுகிறீர்கள்? ஆரம்பிக்கும்போதே அட்வான்ஸ், பட்டி முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிக் கோட்டுக்கு முன்னால் பெரும்பகுதி கைக்கு வந்துவிட வேண்டும். கூலிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், பெயின்ட் கடைப் பாக்கிக்குக்கூட அதைத் தொடக் கூடாது. அந்த ஃபிளாட்டில் கடைசிக் கோட் அடித்தாயிற்றா? இல்லையென்றால் சாமானை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தால் அவரே போன் பண்ணுவார்.

கொளத்தூர் பெயின்டர்:
அண்ணே, கடைசிக் கோட் பாக்கிதான். ஆனால் கிரகப்பிரவேசம் எதுவும் இல்லை, வாடகைக்கு விடத்தான் பெயின்ட் அடிக்கிறார். பார்ப்போம்.

அக்கா எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கூலி சனிக்கிழமையே கொடுத்துவிடுகிறோம். ஆயரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் ரெண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம்தான் பொருத்தனை பண்ணினவர்கள் பட்டியலில் என் பெயரை மைக்கில் வாசித்தார்.