வெளிப்படுத்தின விசேஷத்தை வாலிபர் வகுப்பில் எடுக்கலாமா?

எஸ்தர்_பாளை

எங்கள் சபையில் நான்கு வருடமாக வாலிபர் வேதபாட வகுப்பு நடத்துகிறேன். இந்த வருடம் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான, கடைசிக்காலத்தைப் பற்றிய வெளிப்படுத்தின விசேஷம் எடுக்கிறேன் என்று சொன்னதும் கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் பயந்துவிடும், வீண் சண்டை வரும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. போன வருடம் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த ராத்திரி நான் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபை போதகர் வாசித்த அதே பகுதி. எக்காளம், மேகம், மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பது எல்லாம் சொன்ன பிறகு பவுல் எப்படி முடிக்கிறார்? "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." அன்றைக்கு எனக்கு வேறு எந்த உபதேசமும் கைகொடுக்கவில்லை. இயேசு திரும்ப வருவார் என்று ஆலயத்தில் விசுவாசப் பிரமாணத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டு, அதைப் பற்றிப் படிக்க மட்டும் கூடாது என்றால் எப்படி?

தானியேல்_தென்காசி

அக்கா, உங்கள் துக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் கமிட்டி சொன்னதுதான் சரி.

1999இல் நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர் ஜெபவீட்டுக்கு ஒரு ஊழியக்காரர் வருவார். சுவர் நீளத்துக்கு ஒரு துணிப் படம் தொங்கவிட்டு, ஏழு முத்திரை, ஏழு எக்காளம், அந்திக்கிறிஸ்து என்று குச்சியால் காட்டிப் பிரசங்கிப்பார். 2000ஆம் வருடத்தைத் தாண்டாது என்றார். அந்த வருடம்தான் என் அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. "வருகை வரப்போகிறது, படிப்பு எதற்கு?" என்று அப்பா சேர்க்கவில்லை. 2000 வந்தது, போனது. அந்த ஊழியக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அக்கா இன்றும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள்.

இந்தப் படிப்பு யாருடைய விசுவாசத்தைப் பலப்படுத்தியது? அப்பா சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் பத்து வருடம் ஆலயப் பக்கமே போகவில்லை. ஆதார் அட்டை வந்தபோது மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் அதை 666, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் இலக்கம் என்று பயந்து வாங்க மறுத்தார்களே, அதுவும் இதே வியாதிதான்.

எஸ்தர்_பாளை

தம்பி, இதை வாசித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் அக்காவுக்கு நடந்தது அநியாயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெசலோனிக்கேயாவிலும் இதே காரியம் நடந்ததே? கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று யாரோ கலக்கினார்கள். சிலர் வேலைசெய்யாமல் அலைந்தார்கள். அவர்களுக்குத்தான் பவுல் இரண்டாம் நிருபம் எழுதினார். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்ற வசனம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு யாராவது இதை முன்பே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த ஆளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருப்பார். நாம் சொல்லிக்கொடுக்காமல் விட்ட இடத்தில்தான் துணிப் படக்காரர் வந்து நிற்கிறார்.

தானியேல்_தென்காசி

படிக்காததால் ஏமாந்தார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லியம் மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாகாணத்து பாப்டிஸ்ட் விவசாயி, மோசக்காரர் இல்லை. 1816இல் தொடங்கி இரண்டு வருடம் வேதத்தையும் ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியையும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் படித்தவர். தானியேல் 8:14இல் இருக்கும் 2300 இராப்பகலை 2300 வருடம் என்று வைத்து, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 வாக்கில் ஆண்டவர் வருவார் என்றார். அது தவறியதும் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். கடைசியில் அவரும் அதை ஏற்றுக்கொண்டார். விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலில் விட்டுக் காத்திருந்தவர் உண்டு. மறுநாள் விடிந்தபோது அழுது தீர்த்தார்கள்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் எழுப்புதலில் முன்னே நின்ற யுஸ்துஸ் யோசேப்பு, குருப்பட்டம் பெற்றவர், 1881இல் வருகை என்றார். 2011இல் அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் மே 21 என்றார். எல்லாரும் படித்தவர்கள்தான் அக்கா. படித்துத்தான் தவறினார்கள்.

பெர்சி_நாகர்கோவில்

நாள் குறித்தது தவறு, சரி. அதற்காக வருகையின் எதிர்பார்ப்பையே அணைத்துப் போடலாமா? நான் இரகசிய வருகையை, அதாவது உபத்திரவகாலத்துக்கு முன்பே ஆண்டவர் தம் சபையை எடுத்துக்கொள்வார் என்பதை, நம்புகிறவன். இஸ்ரவேல் 1948இல் தேசமானது எனக்குத் தீர்க்கதரிசன நிறைவேற்றம்தான். அதைப் படித்தபோது வேதத்தின்மேல் எனக்கிருந்த சந்தேகம் போனது.

அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் யார் என்று பாருங்கள். எக்ஸிடரில் நல்ல வருமானம் உள்ள பல் மருத்துவர். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்று நம்பினதால் சொத்தைப் பிடித்துவைக்கவில்லை. 1829இல் பாக்தாத்துக்குப் போனார், அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார், 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர்தான் நம் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன். 1860 திருநெல்வேலி எழுப்புதல் அவர் மூலமாக வந்தது. தானியேல் தம்பியின் அப்பா வருகையை நம்பி மகளின் படிப்பை நிறுத்தினார். குரோவ்ஸ் அதே வருகையை நம்பித் தன்னையே கொடுத்தார். இதில் எதைப் பார்த்து உபதேசத்தை அளப்பது?

பழைய_குருவானவர்

பெர்சி, குரோவ்ஸைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் இரகசிய வருகை என்ற உபதேசத்தை இன்றைய வடிவில் பரப்பியது 1830களில் ஜான் நெல்சன் டார்பி. 1909இல் ஸ்கோஃபீல்ட் தன் குறிப்புகளோடு வெளியிட்ட வேதாகமத்தால் அது உலகமெங்கும் போனது. அதை விசுவாசப் பிரமாணத்தோடு சமமாக வைக்கக்கூடாது. இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சி யுஸ்தின் ஆயிரவருட அரசாட்சியை, கிறிஸ்து பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவார் என்பதை, நேரடியாக நம்பினார். அப்படி நம்பாத நல்ல விசுவாசிகளும் உண்டு என்று அவரே எழுதிவைத்தார். அகஸ்டின் முதலில் நம்பி, பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்த விஷயத்தில் சபை இடம் விட்டிருக்கிறது.

தானியேலுக்கு ஒன்று. லூத்தரும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தார். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதின 1522 முன்னுரையில், இந்தப் புத்தகத்தில் கிறிஸ்து போதிக்கப்படவும் இல்லை, அறியப்படவும் இல்லை என்கிற அளவுக்குப் போனார். எட்டு வருடம் கழித்து, 1530இல், வேறு முன்னுரை எழுதினார். ஆறுதலும் எச்சரிப்பும் இதில் இருக்கிறது என்றார். நடுவில் அவருடைய சபை பட்ட பாடு கொஞ்சமில்லை.

தானியேல்_தென்காசி

ஐயா, லூத்தர் திரும்பி வந்தார். என் அக்காவின் இருபத்தைந்து வருடம் திரும்பி வராது. பெர்சி அண்ணனுக்கும் அதுதான் பதில். எந்த உபதேசத்தையும் அதன் வீரர்களை மட்டும் வைத்து அளக்காதீர்கள், அதில் அடிபட்டவர்களையும் எண்ணுங்கள். சரி, எஸ்தர் அக்கா, மில்லரைப் பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எஸ்தர்_பாளை

உண்மைதான், அதில் நான் சொன்னது போதாது. படித்தால் தவறமாட்டோம் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மில்லர் என்னைவிட அதிகம் படித்தவர்.

இரண்டு நாளாக மத்தேயு 24, 25 இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தேன். ஒலிவமலையில் ஒரே இருப்பில் பேசினது அது. சீஷர்கள் "எப்பொழுது சம்பவிக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர யாரும் அறியார்கள் என்று இயேசு சொல்லிவிட்டு, கதையாகச் சொல்ல ஆரம்பிக்கிறார். வேளையில் போஜனம் கொடுக்கிற ஊழியக்காரன், எண்ணெயோடு காத்திருந்த கன்னிகைகள், தாலந்தைப் புதைத்தவன். கடைசியில் எங்கே வந்து நிற்கிறார் தெரியுமா? "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்" என்ற இடத்தில். அப்படியென்றால் கடைசிக்கால உபதேசத்தின் முடிவு நம் தெருவில் பசியாயிருக்கிறவன். மில்லர் கடைசிவரை சீஷர்களுடைய கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இயேசு அந்தக் கேள்வியை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்திருக்கிறார். தாலந்து கதையை உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தால், மகளின் படிப்பைப் புதைக்க மனசு வந்திருக்குமா?

பெர்சி_நாகர்கோவில்

இதற்கு ஆமென். ஆனால் அடையாளங்களைப் பாருங்கள் என்று சொன்னவரும் அவரேதான் அக்கா. அத்திமரம் துளிர்த்தால் வசந்தகாலம் சமீபம் என்று அறிவீர்கள் என்ற, அதே 24ஆம் அதிகாரத்து உவமையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எஸ்தர்_பாளை

விடமாட்டேன். அதை எடுக்கும் அன்றைக்கு நீங்களே வந்து பேசுங்கள், ஐயாவும் வரட்டும்.

தானியேல்_தென்காசி

பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை எடுப்பதில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. முதல் வகுப்பில் எதை எடுப்பீர்கள்? துணிப் படம் உண்டா?

எஸ்தர்_பாளை

படம் கிடையாது. சிமிர்னா சபைக்கு எழுதின நான்கு வசனம் மட்டும், இரண்டாம் அதிகாரம் 8 முதல் 11 வரை. அந்தப் புத்தகத்தில் கடிதம் பெற்ற ஏழு சபைகளில் குற்றமே சொல்லப்படாதது இரண்டுதான், அதில் இது ஒன்று. தரித்திரமும் உபத்திரவமும் உள்ள சபை. அவர்களிடம் கிறிஸ்து சொல்லும் வார்த்தை "எவ்வளவும் பயப்படாதே". அதே ஊர் சபையில்தான் பிறகு பாலிகார்ப் கண்காணியாக, அதாவது பேராயராக, இருந்தார். கிறிஸ்துவை மறுதலி என்று அதிகாரி கேட்டபோது, எண்பத்தாறு வருடம் அவரைச் சேவித்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று சொல்லி உயிரைக் கொடுத்தவர். பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்வேன்.

தானியேல்_தென்காசி

குறிப்பு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதுகிறேன்.